பால்மாவு டின்னில் பூத்த ராணி கலர்

போன மாதம் என் மருமகள் போனிலேயே ஒரு செடி வாங்கினாள். அட்டைப்பெட்டியில் காகிதம் சுற்றி, கூரியர்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அளவில் உருண்டையாக ஒரு கள்ளி, உச்சியில் இரண்டு சிவப்பு மொட்டு. கூடவே ஒரு சீட்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர், நல்ல வெயில், மணல் கலந்த மண் என்று போட்டிருந்தது. மருமகள் பரீட்சைக்குப் படிப்பதுபோல அதை இரண்டுமுறை வாசித்தாள். பாசத்தில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சமையலறையில் தனியாக நின்று அழுதேன். அந்தச் சீட்டில் இருப்பதையெல்லாம் என் பத்து வயதில் ஒருத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். சொல்லிக்கொடுத்தும் நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு என் வயது இருக்கும். மூட்டுக்குத் தைலம் தேய்த்தபடி வாசிப்பீர்கள். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை என்று. எனக்கு இருப்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இருக்கிறது. பஸ் நிற்கும், அவ்வளவுதான் அதன் பெருமை. வீட்டில் அப்பா மூத்தவர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, பட்டாளத்தில் இருந்தார். சித்தி மல்லாங்கிணற்றிலிருந்து வந்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. சித்தப்பா வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். மிச்ச பத்து மாதமும் சித்திக்குத் துணை நான்தான். அவள் பாயில்தான் படுப்பேன். என் தலையில் பேன் பார்ப்பதிலிருந்து பாவாடைக்கு ஓரம் தைப்பதுவரை எல்லாம் அவள் கைதான். அம்மா என்னைப் பெற்றாள், மற்றபடி நான் சித்தி பிள்ளை என்றுதான் தெருவில் சொல்வார்கள்.

ஒரு லீவுக்கு வந்தபோது, வடக்கே ஏதோ மலை ஊர்ச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி, சித்தப்பா தன் இரும்புப்பெட்டியைத் திறந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முள் உருண்டை. பாலைவனத்துச் செடி, பூத்தால் பட்டுச்சேலை தோற்றுப்போகும் என்றார். நம்ம ஊரே பாலைவனம், இதில் அங்கிருந்து வேறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரணுமா என்று அம்மா கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்காமல் அதை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

அதை அவள் வளர்த்த அழகைச் சொல்லவேண்டும். காலியான பால்மாவு டின் ஒன்றை எடுத்து, ஆணியால் அடியில் ஐந்து ஓட்டை போட்டாள். ஓடை மணலைச் சலித்து, செங்கல்லை உடைத்து, அடுப்புக்கரியை நுணுக்கி, மூன்றையும் கலந்தாள். செம்மண் ஒரு பிடி, அவ்வளவுதான். கரிசல் மண் பக்கமே போகக்கூடாது, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாள். செய்தித்தாளை நீளமாக மடித்து வளையம்போலச் செடியைச் சுற்றிப் பிடித்து நட்டாள். கையில் ஒரு முள்கூடக் குத்தவில்லை. டின் முற்றத்தில் கிழக்கு வெயில் விழுகிற இடத்தில் இருந்தது. கொட்டிலில் மாடுகள், கொடியில் துணி, நடுவில் அந்த டின். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஓரமாக, இரண்டு கரண்டித் தண்ணீர். மழை தூறினால் ஓடிவந்து டின்னை உள்ளே தூக்கி வைப்பாள். எங்கள் ஊரில் மழைக்கு ஒளிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான். முள்ளுக்கு நடுவில் மாவுபோல வெள்ளைப்பூச்சி வந்தால், தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி வேப்பெண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு முள்ளாகத் துடைப்பாள். நான் பக்கத்தில் குத்தவைத்துப் பார்ப்பேன். அவள் மூச்சுக்கூட மெல்லத்தான் விடுவாள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பாவும் சித்தியும் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். தம்பி பெண்டாட்டி மூத்தவர் முன்னால் வந்து நிற்கக்கூடாது, குரலும் கொடுக்கக்கூடாது. நடுவில் நான் நிற்பேன். கதவுக்குப் பின்னால் சித்தி இருப்பது தெரிந்தே அப்பா என்னைப் பார்த்து, கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று உன் சித்தியைக் கேள் என்பார். காட்டியாயிற்று என்று சொல்லு தாயி என்பாள் சித்தி. இரண்டு பேருக்கும் இடையே நாலடிகூட இருக்காது. நான் அதைத் திரும்பச் சொன்ன பிறகுதான் காதில் விழுந்ததுபோல அப்பா தலையாட்டுவார். எனக்கு அதில் ஏகப் பெருமை. என் வாய் வழியாக வராத எதுவும் அப்பா காதில் ஏறாது.

இரண்டு வருஷம் ஓடியது. செடி ஆரஞ்சுப்பழம் அளவுக்கு வளர்ந்தது, பூக்கவில்லை. அந்த இரண்டாம் வருஷம் மழையும் இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊருணி வற்றி, அடுத்த ஊர்க் கிணற்றிலிருந்து குடம் சுமந்தோம். முகம் கழுவிய தண்ணீரைப் பாத்திரம் கழுவவும், பாத்திரம் கழுவியதை மாட்டுக்கும் வைத்த காலம் அது. அப்போது பெரியத்தை, அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருப்பவள், ஒரு வெள்ளிக்கிழமை கோடாங்கியிடம் குறி கேட்கப் போனாள். கோடாங்கி உடுக்கை அடித்து, வடக்கேயிருந்து வந்த முள் வீட்டுக்குள் இருக்கிறது, அது இருக்கும்வரை அந்த வீட்டில் தொட்டில் ஆடாது என்று சொன்னாராம். அப்படி ஒரு செடி இருப்பது சுற்றுப்பட்டி முழுக்கத் தெரியும். கோடாங்கிக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்? செடி வருவதற்கு முந்தின நாலு வருஷமும் தொட்டில் ஏன் ஆடவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

செடியைத் தூக்கி எறியவேண்டும் என்றாள் அத்தை. சித்தி மாட்டேன் என்றாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒன்றுக்குத்தான். அத்தை விடவில்லை. பூக்காததையெல்லாம் எதுக்கு வீட்டில் வைத்துக்கொண்டு என்று, செடியைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்துச் சொன்னாள். தன் புருஷன் வழியில் ஒரு பெண் இருப்பதாகவும், தம்பிக்கு இரண்டாவதாகக் கேட்கலாம் என்றும் பேச்சை எடுத்தாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க சித்தியிட்டச் சொல்லு. வைகாசியில தம்பி லீவுக்கு வாறான். அதுக்குள்ள அது பூத்துச்சுன்னா பூச்செடி, இருந்துட்டுப் போகட்டும். கோடாங்கி சொன்னது பொய்யின்னு நானே அக்காகிட்டச் சொல்லி, மத்தப் பேச்சையும் நிப்பாட்டிருவேன். பூக்கலேன்னா அக்கா சொல்றபடிதான்."

நான் போய் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். கெடு செடிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சித்திக்கு அப்படித் தோன்றியிருக்காது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரி என்று சொல்லச் சொன்னாள்.

பங்குனி கடைசியில் முள்ளுக்கு நடுவே பஞ்சுபோல ஆறு முடிச்சு வந்தது. மறுபடி வெள்ளைப்பூச்சியோ என்று தீக்குச்சியை எடுத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மொட்டு. தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் பல்கூட விளக்காமல் போய் எண்ணுவோம். எண்ண என்ன இருக்கிறது, ஆறுதான். ஆனாலும் எண்ணுவோம்.

சித்திரையில் ஒருநாள் அப்பாவும் அம்மாவும் நரிக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், வர இரண்டு நாளாகும். உச்சிவெயில். சித்தி என்னைக் கூப்பிட்ட குரலில் பாம்பைப் பார்த்துவிட்டாளோ என்று ஓடினேன். ஒரு மொட்டு விரிந்திருந்தது. செடியைவிடப் பெரிய பூ. ஜவுளிக்கடையில் ராணி கலர் என்று சொல்வார்களே, அந்த நிறம். உள்ளே போகப்போக வெளுத்து, நடுவில் மஞ்சள் பொடி. இதழெல்லாம் எண்ணெய் தடவினாற்போல மின்னியது. சுற்றி எங்கே பார்த்தாலும் காய்ந்த மண், காய்ந்த வேலி, வெளுத்த வானம். இந்த நிறம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று இருந்தது எனக்கு. மணமே இல்லை. சித்தி அதைத் தொடவில்லை. பூவுக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும்தான்.

பொழுது சாய அது மூடிக்கொண்டது. மறுநாள் துவண்டு, கசங்கிய துணிபோல ஆகிவிட்டது. அம்மா வந்ததும் ஓடிப்போய்ச் சொல்லத் துடித்தேன். சித்திதான் தடுத்தாள்.

"இப்பச் சொல்ல வேண்டாம் தாயி. இன்னும் அஞ்சு இருக்கு. அவுக வந்ததும் அவுக முன்னாடி விரியட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

சித்தப்பா வர இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அந்தப் பூ எங்கள் இரண்டு பேருக்குள்ளே இருந்தது. சித்தியிடம் அதுவரை பார்க்காத ஒரு நடை வந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டு முனகினாள்.

அப்போதுதான் ஊரில் மழைச்சோறு எடுத்தார்கள். உங்களுக்குத் தெரியும், தெரியாத சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறும் கூழும் வாங்கி, ஒன்றாகக் கலந்து ஊர் எல்லையில் வைத்து, ஒப்பாரி சொல்லி அழுது, பங்கிட்டுத் தின்பார்கள். பிறகு பாயையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு, இந்த ஊரில் பிழைக்க முடியாது, நாங்கள் தேசாந்தரம் போகிறோம் என்று நடக்கத் தொடங்குவார்கள். ஊர்ப்பெரியவர் ஒருவர் ஓடிவந்து மறித்து, மழை வரும், திரும்புங்கள் என்று கூட்டிவருவார். வானத்தைப் பயமுறுத்துகிற நாடகம் அது. நாடகம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் முழுக்கத் தெருவில் எல்லோரும், நாளைக்கு ஊரை விட்டுப் போறோம் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பாயைச் சுருட்டிக் கட்டினாள். நான் நம்பிவிட்டேன்.

நாம் போய்விட்டால் செடி என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. முள்செடியைக் கொண்டுவர விடமாட்டார்கள். எத்தனை நாளோ, திரும்பி வருவோமோ மாட்டோமோ, இரண்டு கரண்டித் தண்ணீரா தாங்கும்? காலையில் பெண்கள் வாசலில் கூடிக்கொண்டிருந்தபோது, குடிதண்ணீர்ப் பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டேன். ஊற்றினால் அடியில் ஓட்டை வழியாக ஒழுகுகிறது. கொட்டில் ஓரத்திலிருந்து கரிசல் மண்ணைக் குழைத்து, டின்னைத் தூக்கி, ஐந்து ஓட்டையையும் விரலால் அமுக்கி அடைத்தேன். பிறகு இன்னொரு சொம்பு. தண்ணீர் மேலே தளும்பி நின்றது. ஒரு குடத்துக்கு இரண்டு மைல் நடக்கிற காலத்தில் இரண்டு சொம்பு என்பது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன். அவ்வளவு பிரியம்.

சாயங்காலமே எல்லோரும் திரும்பி வந்துவிட்டோம். ஊர் எங்கேயும் போகவில்லை என்ற சந்தோஷத்தில் பிள்ளைகளோடு தெருவில் ஆடினேன். மேலே தளும்பிய தண்ணீர் அதற்குள் மண்ணில் இறங்கியிருக்கும், சித்தி கண்ணில் படவில்லை. டின்னும் ஓட்டையும் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, டின் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் செடி, அடிப்பக்கம் காபி நிறத்தில் குழைந்து, அழுகிய வெள்ளரிப்பழ நாற்றத்தோடு கிடந்தது. ஐந்து மொட்டும் விரியாமலே கறுத்திருந்தன. சித்தி அடுப்படியில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி சலித்தாள். எனக்கு அப்போதுதான் கரிசல் மண் ஞாபகம் வந்தது.

நாலாம் நாள் சித்தப்பா வந்தார். சாயங்காலம் முற்றத்தில் கட்டிலில் அப்பா, பக்கத்தில் அத்தை. சித்தப்பா தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் முன்னால் அவர் உட்கார்ந்ததே கிடையாது. டின் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார். பூத்ததா என்று சித்தியைக் கேட்கச் சொன்னார்.

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி சொன்னாள். "பூத்துச்சுன்னு சொல்லு தாயி. நீயுந்தான பாத்த. ராணி கலரு. சொல்லு."

அத்தை சிரித்தாள். பூத்த செடி எங்கே போச்சு, எப்படி அழுகுச்சு என்று என்னையே கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தேன் என்று சொன்னால், அடுத்து எப்படி அழுகியது என்பதையும் சொல்லவேண்டிவரும். பானையிலிருந்து குடிதண்ணீரை மொண்டதும் வெளியே வரும். என் கண்ணுக்கு முன்னால் அப்பாவின் கை மட்டும்தான் தெரிந்தது.

"நான் பாக்கலப்பா" என்றேன்.

அப்பா சரி என்றார். ஒரே வார்த்தை. சித்தப்பா வாயைத் திறப்பார் என்று நான்கூட எதிர்பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், தன் அம்மா வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சித்தியை மல்லாங்கிணற்றுக்கு அனுப்பினார்கள். கொஞ்சநாள் என்றால் என்ன என்று தெருவுக்கே தெரிந்தது. கிளம்புகிற காலையில் நான் வீட்டுக்குப் பின்னால் விறகுக்காகப் பருத்திமார் அடுக்கியிருந்த படப்புக்குள் புகுந்துகொண்டேன். சித்தி முற்றத்திலிருந்து கூப்பிட்டாள். கொட்டிலுக்குள் பார்த்தாள். தெருமுனைவரை போய்க் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. காய்ந்த குச்சிகள் கன்னத்தைக் கீற, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஹாரன் கேட்டது. பஸ் போன சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் நான் வெளியே வரவில்லை.

ஆவணியில் புதுச் சித்தி வந்தாள். நல்ல மனுஷி, குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் நாலு வருஷம் பிள்ளை இல்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்கு ஏதோ வைத்தியம் பார்த்த பிறகுதான் பிறந்தது. அந்தச் சேதியைக் கேட்டபோது, குறை யாரிடம் இருந்தது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பேசினால் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா மட்டும் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மல்லாங்கிணற்றுப் பேச்சே வீட்டில் எடுக்கக்கூடாது என்று இருந்தது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரன் பார்த்து, அருப்புக்கோட்டையில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். மல்லாங்கிணறு பஸ் என் தெரு வழியாகத்தான் போகிறது. எத்தனை ஆயிரம் தடவை போயிருக்கும். ஏறியதில்லை. என்ன முகத்தோடு ஏறுவது?

மருமகளின் செடி வந்த மறுவாரம் ஏறினேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சித்தி பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்று, தன் தம்பி மகன் வீட்டில் இருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை பஞ்சாகிவிட்டது, முதுகு மட்டும் வளையவில்லை. யாரென்று கேட்டாள். சொன்னேன். தாயி என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துவந்தது ஒன்றும் நினைவில் இல்லை. எல்லாவற்றையும் தலைகால் இல்லாமல் கொட்டினேன். இரண்டு சொம்பு, கரிசல் மண், பாக்கலப்பா என்று சொன்னது, படப்பு, எல்லாம்.

அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "அழுகுன செடிய எடுத்தது நாந்தான தாயி" என்றாள். "டின்னுக்கு அடியில கரிசல் மண்ணு அப்பியிருந்துச்சு. சின்னச் சின்ன விரல் தடம். எனக்குத் தெரியாதா?"

"அப்பாட்டப் பொய் சொன்னேனே சித்தி."

"பயந்துருப்ப. பிள்ளைதான. உங்க சித்தப்பா வாயத் தொறந்துருந்தா நான் எதுக்கு உன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கப்போறேன்."

அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததை இப்படி ஒரு வரியில் இறக்கி வைத்துவிட்டாளே என்று கண்ணைத் துடைத்தேன். அப்போதுதான் அவள் கை நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அதுக்காகவா நீ அன்னைக்கு பஸ்ஸுக்கு வரல?"

தலையை ஆட்டினேன்.

"நீ வருவ வருவன்னு மொதப் பஸ்ஸ விட்டுட்டேன். அடுத்தது மத்தியானம். அதுவரைக்கும் ரோட்டுலயே நின்னேன்." கீரைக்காம்பை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "உனக்கும் என்னைய வேண்டாம்னு ஆயிப்போச்சாக்கும்னு நெனச்சுக்கிட்டு ஏறிட்டேன் தாயி."